சொல்லிவைத்த தானம்

கொட்டியாரக் குடாவின் தென்புறத்திலே, மூதூரிலிருந்து சில கட்டைத் தூரத்தில், ஒருபக்கம் களப்பும் மறுபக்கம் வயல்வெளியுமாகக் கிடக்கின்ற கட்டைபறிச்சானில் அறுவடைக் காலம் வந்துவிட்டால், கண்ணில் தூசி விழாத ஆளைக் காண்பது அரிது. களத்திலே பறக்கின்ற பதரோ, அறுக்கும்போது வளைந்து நிமிர்கின்ற தாளின் நுனியோ விழியைத் தொட்டுவிட்டுப் போகும். தொட்ட இடத்தில் ஒரு சிறு கீறல் விழும். அன்றைக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. இரவில் கண் உறுத்தும், நீர் வடியும். ஒரு பெரியம்மா தாய்ப்பால் விடச் சொல்வார், இன்னொருவர் பச்சிலைச் சாறு பிழியச் சொல்வார். இப்படியே இரண்டு வாரம் கழிந்தபின் வைத்தியசாலைக்குப் போகும்போது கருவிழியின் நடுவே வெள்ளைப் புண் ஒன்று வேரூன்றியிருக்கும். வெட்டு இயந்திரங்கள் வந்து சூடடிப்புக் குறைந்துபோன இந்தக் காலத்திலும் இந்த வியாதி ஒழிந்தபாடில்லை. பயிர்ப் பொருள் பட்ட காயத்தில் பூஞ்சணம் பற்றுவதால் உண்டாகும் இப்புண், உஷ்ண தேசங்களின் உழவர்களை நெடுங்காலமாக வருத்திவருவது என்பதைக் கண் வைத்தியர் எவரும் அறிவர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கையில் தெறித்துக் கண்ணைச் சுட்டுக்கொண்டவர்களும் ஊருக்கு ஒருவராவது உண்டு. மருந்திட்டுப் புண் ஆறினாலும் ஆறின இடத்தில் தழும்பு நிற்கும். தழும்பு நின்ற இடத்தில் ஒளி நுழையாது.

கருவிழி என்று நாம் வழக்கில் சொல்லுகிற இடத்தின் மேலே, ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் பருமனில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் கவிந்திருப்பது ஒரு தெளிந்த படலம். கண்ணின் ஏனைய பாகங்கள் யாவும் பழுதின்றி இருந்தும் அந்தப் படலம் ஒன்று மங்கிப்போனமையாலேயே குருடானவர்கள் உலகமெங்கும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மங்கிய படலத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இறந்த ஒருவருடைய தெளிந்த படலத்தை அவ்விடத்தில் மெல்லிய நூலால் தைத்துவிட்டால், அவர்களிற் பெரும்பாலோர் மீண்டும் பார்க்கலாம். சிருஷ்டியின் விசித்திரம் ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. ஒளி தடையின்றிச் செல்லவேண்டுமென்பதற்காகவோ என்னவோ, இந்தப் படலத்தில் இரத்தக் குழாயே கிடையாது. தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. இரத்தம் ஓடாத இடமாகையால், சிறுநீரகம் மாற்றுவதற்குப் பார்ப்பதுபோல இரத்தப் பிரிவும் திசுப் பொருத்தமும் பார்த்துத் தவமிருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எழுபது வயதில் இறந்த ஒருவருடைய கண் இருபது வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும், கொடுத்தவர் எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த மொழி என்று அது கேட்பதுமில்லை.

இந்தச் சிகிச்சை வெற்றியாக முதன்முதலில் நடந்தது 1905 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆந் திகதி, அப்போது ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஒலமூட்ஸ் நகரிலே. எட்வர்ட் சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பு தெறித்து இரு கண்களும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளிக்கு, விபத்தினால் கண்ணை எடுக்கவேண்டியதாகிவிட்ட ஒரு சிறுவனின் விழிப்படலத்தை வைத்துத் தைத்தார். இரண்டில் ஒரு கண் தெளிந்து நிலைத்தது. நம் பக்கத்தில் இதற்கு வித்திட்ட இடம் சென்னை எழும்பூர். 1819 இல் தொடங்கப்பட்ட எழும்பூர்க் கண் வைத்தியசாலையிலே, 1945 இல் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா இந்தியாவின் முதலாவது கண் வங்கியை அமைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அவரே விழிப்படல மாற்றுச் சிகிச்சையும் செய்தார். கண்ணுக்கு வங்கி என்று ஒன்று உண்டா என்று நகைத்தவர்கள் அக்காலத்தில் இருந்திருப்பார்கள்.

ஆயினும் இந்த விஷயத்தில் உலகம் திரும்பிப் பார்த்த தேசம் இலங்கைதான்; அதைத் திரும்பிப் பார்க்கவைத்தவர் ஹட்சன் சில்வா. வைத்தியம் பயின்றுகொண்டிருந்த மாணவராயிருக்கையிலேயே, 1958 இல், கண் கிடைக்காமையால் குருடராகவே திரும்பிச் செல்லும் நோயாளரைக் கண்டு மனம் பொறாமல், கண்தானம் செய்யுமாறு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தாமும் தம் மனைவியும் தம் தாயும் முதலில் ஒப்புக்கொடுத்துவிட்டே அவர் ஊராரைக் கேட்டார் என்பது கவனிக்கத்தக்கது. தகுந்த ஆய்வுகூடம் ஏதும் இல்லாத அந்த நாட்களில் சேகரித்த கண்களைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்திருந்தார். தாயார் காலமானபோது அந்த அம்மையாரின் விழிப்படலம் ஏழை விவசாயி ஒருவருக்குப் பார்வையாயிற்று. 1961 இல் இலங்கைக் கண் தான சங்கம் உருவாயிற்று. 1964 இல் கண்களை வைத்துப் பனிக்கட்டி அடுக்கிய பாத்திரம் ஒன்றைக் கையிலே ஏந்திச் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்றார்கள். அதன்பின் இச்சிறு தீவிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குக் கண்கள் போயிருக்கின்றன. பாகிஸ்தானுக்கு மட்டுமே பல்லாயிரம். 1996 இல் காலமான முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் கண்தானம் யப்பானியருக்குப் பயன்பட்டது. அவருடைய அரசியலைப்பற்றித் தமிழருக்குச் சொல்ல வேறு நிரம்ப உண்டு, அதை இங்கே இழுக்க வேண்டாம். ஹட்சன் சில்வா 1999 இல் மறைந்தார். சங்கம் நடந்துகொண்டிருக்கிறது, எலும்பு, தோல் முதலிய திசுக்களைப் பதப்படுத்தி வைக்கும் மனிதத் திசு வங்கியும் அதனோடு சேர்ந்திருக்கிறது. கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையிலே 2011 இல் அரசாங்கமும் சிங்கப்பூரின் உதவியோடு ஒரு கண் வங்கியைத் திறந்தது.

பௌத்த மக்களிடையே இவ்வியக்கம் இத்துணை ஆழமாக வேர்விட்டமைக்கு ஜாதகக் கதைகளில் வரும் சிவி மன்னன் ஒரு காரணம் என்பார்கள். புத்தர் முற்பிறவியொன்றில் சிவியாகப் பிறந்து, குருடனாய் வந்து யாசித்தவனுக்குத் தம் இரு கண்களையும் ஈந்தாராம். ஹட்சன் சில்வா விகாரைகளையும் பிக்குமாரையும் நாடிச் சென்றதில் மிகுந்த விவேகம் இருந்தது. கேட்பதற்குத் தகுந்த கதை சைவர்களாகிய நம்மிடமும் இல்லாமற் போகவில்லை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியைச் சோழர் தங்கள் முன்னோனாகக் கொண்டாடினர். கண்ணுக்குக் கண் வைத்த கதையோ காளத்தி மலையிலே நடந்தது. திருக்கோணேஸ்வரத்தின் மணியோசைக்கு எதிர்க்கரையில் வாழ்கின்ற எவருக்கும் கண்ணப்பரைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மூலிகைகள் எவையும் பலிக்காத பின்னர், ஊனுக்கு ஊனே மருந்து என்ற பழமொழி நினைவுக்கு வந்து, தன் கண்ணைப் பெயர்த்து இறைவனின் புண்ணில் அப்பிய அந்த வேடன் செய்தது பக்தியின் எல்லை என்று பாராயணம் செய்கிறோம். ஆனால் அதை ஒரு சிகிச்சை முறையாக எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? வெசாக் காலத்தில் கண்தான அட்டை நிரப்புவதற்குச் சிங்களக் கிராமங்களில் வரிசை நிற்பதுபோல, மாசி மாதம் மகா சிவராத்திரியில் நம் கோவில் வாசல்களில் ஒரு மேசை போடப்பட்டதாக என் காதுக்கு எட்டவில்லை. இந்தக் குறையைக் கோவில் தர்மகர்த்தாக்களிடமும் ஆசிரியர்களிடமும் வைத்தே நான் பேசுவேன். வயலுக்குப் போகிறவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஏனென்றால், மூதூர்ப் பகுதியில் பிரேதம் என்பது வெறும் பிரேதம் மாத்திரமன்று. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி வந்து எடுத்துச் சென்றவர்களிற் சிலர் கரைக்குத் திரும்பவே இல்லை. யுத்தகாலத்தில் காணாமற்போனவர்களின் பெயர்களை இன்றும் தாய்மார் படத்தோடு சுமந்து திரிகிறார்கள். 2006 இல் இந்தக் கிராமங்கள் இடம்பெயர்ந்தபோது வழியில் விட்டுவந்தவை வீடும் மாடும் மட்டுமல்ல. பின்னர் அயலூரான சம்பூர் மக்கள் தங்கள் ஊருக்குத் திரும்ப இயலாமல் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த முகாம்களுள் ஒன்று கட்டைபறிச்சானிலேதான் இருந்தது. வாய்க்கரிசி போட உடல் கிடைக்காமல் அந்தியேட்டி செய்த குடும்பங்கள் வாழும் ஊரிலே, கிடைத்த உடலை முழுசாக அனுப்பிவைக்க வேண்டும் என்ற பிடிவாதம் மூடநம்பிக்கையிலிருந்து பிறந்ததென்று பட்டணத்திலிருந்து வந்து பிரசங்கம் செய்பவர் எவரேனும் சொன்னால், அவர் இந்த மண்ணை அறியாதவர். இழந்தவன் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிடியை வாதத்தினால் தளர்த்த முடியாது. என்ன நடக்கும் என்பதை உள்ளபடி எடுத்துச் சொன்னால் ஒருவேளை தானாகத் தளரும்.

என்ன நடக்கும்? இறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும், முந்தினால் நன்று. எடுப்பதற்குச் செத்தவீட்டை விட்டு உடலை எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை; பயிற்சி பெற்றவர் வீட்டுக்கே வந்து, இருபது முப்பது நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடுவார். பரிசோதனைக்கெனச் சிறிது இரத்தமும் எடுப்பார்கள். எடுத்தபின் இமைகளை இயல்பாக மூடிவிடுவதால், முகத்தில் யாதொரு விகாரமும் தோன்றாது. பிரேதத்தைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, கிடத்தும்போது பக்கத்தில் நின்று அழுகிறவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. கண் எடுப்பவர் வந்து சேரும்வரை வீட்டார் செய்யவேண்டியவை சொற்பம்: இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தல், தலைமாட்டில் ஒரு தலையணையை உயர்த்தி வைத்தல், தலைக்குமேல் சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுதல். எடுத்த படலத்தைத் தக்க திரவத்தில் குளிரிலே வைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரம் கெடாதிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவரும், கண்ணில் வெண்புரை எடுத்தவரும், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவரும் கொடுக்கலாம். விசர்நாய்க்கடி, எயிட்ஸ், சில ஈரல் அழற்சிகள், இரத்தப் புற்று முதலியவற்றால் இறந்தவரின் கண்ணை மட்டும் எடுப்பதில்லை. அடுத்த பிறவியில் குருடாகப் பிறந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்களை நான் சந்தித்ததுண்டு. ஆத்மா சரீரத்தைக் களைந்துவிட்டுப் போகிறது என்றே சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்தவர்கள், நெருப்பிலும் மண்ணிலும் கரைவதற்கு அஞ்சாமல் இதற்கு மாத்திரம் அஞ்சுவானேன் என்று நான் கேட்டால், அவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கண்தானத்தைப்பற்றியே இவ்வளவு தூரம் பேசுவதற்கு ஒரு நியாயம் உண்டு. இருதயம், ஈரல், சிறுநீரகம் ஆகிய உறுப்புகளை நினைத்த மாத்திரத்தில் கொடுத்துவிட இயலாது. உயிரோடிருப்பவர் கொடுக்கும் சிறுநீரகம் போன்றவை நீங்கலாக, மூளை முற்றாகச் செத்து, மூச்சை இயந்திரம் நடத்த, இருதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும் நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவரிடமிருந்தே பெரும்பாலும் இவற்றை நல்ல நிலையில் பெறமுடியும். அந்த நிலைக்கு மூளைச்சாவு என்று பெயர். வைத்தியர்கள் முறைப்படி மீண்டும் மீண்டும் சோதித்த பிறகே அதை உறுதிசெய்கிறார்கள். உறுதியானபின் அவர் திரும்பி வருவதில்லை. எடுத்த இருதயத்தை ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்துக்குள் பொருத்திவிட வேண்டும், சிறுநீரகமோ ஒரு நாளளவு காத்திருக்கும். 1954 இல் பொஸ்டனில் இரட்டையருக்கிடையே சிறுநீரகமும், 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டின் கையால் இருதயமும் மாற்றப்பட்டபின், உலகம் வேகமாக முன்னேறியது. இலங்கையில் 2017 ஜூலையில் கண்டி வைத்தியசாலையில் இருதய மாற்றுச் சிகிச்சை முதன்முதலாக நடந்தது. ஆனால் களப்பருகே தன் வீட்டுத் திண்ணையில், பிள்ளை குட்டிகள் சூழ்ந்திருக்க, வயது முதிர்ந்து கண்ணை மூடுகிறவர் இருதயத்தைக் கொடுக்க முடியாது. கண்ணைக் கொடுக்க முடியும். எளியவனின் கைக்கு எட்டுகின்ற தானம் அது ஒன்றே.

சிறுநீரகத்தை நினைப்பதற்கும் இம்மாவட்டத்தாருக்குக் காரணமுண்டு. வடமத்திய மாகாணத்தின் வயல்வெளிகளில் 1990களிலிருந்து பரவிவந்திருக்கிற, இன்னதுதான் காரணமென்று அறுதியிட முடியாத சிறுநீரக நோய், திருகோணமலை மாவட்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள பதவி சிறிபுரவையும் விடவில்லை. நெல் விளைவிக்கின்ற கை நாற்பதிலும் ஐம்பதிலும் தளர்ந்துபோய், வாரத்துக்கு இரண்டுமுறை இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பதைக் கண்டவர்கள், மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவடைந்த ஓர் இளைஞனின் இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு குடும்பங்களை எப்படி நிமிர்த்தும் என்பதை விளக்காமலே அறிவார்கள்.

இத்தகைய தானத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு திருப்பம் உண்டானது 2008 செப்டெம்பரில். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையன் விபத்தில் மூளைச்சாவடைந்தபோது, வைத்தியர்களாயிருந்த அவன் பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுக்கத் துணிந்தார்கள். இருதயத்தை ஏற்றிய வாகனம், காவல்துறையினர் வீதிகளை ஒழித்துக்கொடுக்க, சென்னையின் சந்தடியை 11 நிமிஷத்தில் ஊடுருவி முகப்பேர் வைத்தியசாலையை அடைந்தது; ஒன்பது வயதுச் சிறுமியின் மார்பில் அந்த இருதயம் துடித்தது. அடுத்த மாதமே அரசாங்கம் உறுப்புகளைப் பங்கீடு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. 2023 முதல் உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள். வைத்தியர்களாயிருந்தும் அந்தப் பெற்றோர் பட்டிருக்கக்கூடிய பாட்டை நினைக்கும்போது, வைத்தியம் அறியாத ஏனையோரிடம், அழுகை ஓயாத அந்த வேளையிலே, முன்பின் அறியாத ஓர் உத்தியோகத்தர் வந்து கையெழுத்துக் கேட்டால் அவர்கள் மறுப்பது ஆச்சரியமன்று.

இங்கேதான் பதிவு என்பதன் தாத்பரியம் இருக்கிறது. இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனிதத் திசு மாற்றுச் சட்டம் இவற்றையெல்லாம் ஒழுங்குசெய்கிறது. அட்டையை நிரப்பிக் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். ஆனால் அந்த அட்டை றங்குப்பெட்டியின் அடியிலே, காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் மடிந்து கிடக்குமானால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? எட்டாம் நாளில் பெட்டியைத் திறந்து அதைக் கண்டுபிடித்து, அப்பா இப்படி எண்ணியிருந்தாரே என்று ஏங்குவதிலே ஒன்றும் ஆவதில்லை. நடைமுறையில், இறந்தவர் எழுதியே வைத்திருந்தாலும் மனைவியோ மகனோ வேண்டாமென்றால் வைத்தியர் கண்ணைத் தொடமாட்டார். ஸ்பெயின் தேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்புத் தெரிவிக்காதவர் யாவரும் சம்மதித்தவரே என்று 1979 இல் அங்கே சட்டம் செய்தார்கள். செய்தும், குடும்பத்தைக் கேளாமல் எடுப்பதில்லை. உறுப்புதானத்தில் அத்தேசம் உலகில் முன்னணிக்கு வந்தது, 1989 இல் ஒரு தேசிய ஸ்தாபனத்தை அமைத்து, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தோடு பக்குவமாகப் பேசத் தெரிந்தவர்களை வைத்தியசாலைதோறும் நியமித்த பின்னரே. ஆகவே உண்மையான பதிவேடு வீட்டாரின் ஞாபகம். மாலையில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது, “மகன், எனக்கு ஏதும் நடந்தா என்ர கண்ணைக் குடுத்திருங்க, தாமதிக்காதீங்க” என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், அந்த வார்த்தை கையெழுத்தைக் காட்டிலும் வலிமையுடையது. ஏனெனில், செத்தவீட்டில் முடிவு எடுக்க வேண்டியவனுக்கு அது பாரத்தை இறக்கிவைக்கிறது. அவன் தன் எண்ணத்தைச் செய்யவில்லை, தகப்பனின் சொல்லை நிறைவேற்றுகிறான். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று இதைத் தள்ளிவைப்போர், காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதும்போது அந்தச் சகுனத்தைப் பார்த்ததில்லை.

சமயத்தின் பெயரால் தடை சொல்லுவோருக்கும் விடை கிடைத்து வெகுநாளாயிற்று. கண்ணைத் தானம் செய்வதில் பாவமில்லை என்று 1956 இலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் உரைத்துவிட்டார். உயிர் காக்கும் உறுப்பு மாற்றை நிபந்தனைகளோடு அனுமதிக்கும் தீர்மானத்தைச் சர்வதேச இஸ்லாமியப் பிக்ஹு மன்றம் 1988 இல் நிறைவேற்றியது. அயலூராகிய மூதூரின் முஸ்லிம் அன்பர்கள் தங்கள் மௌலவிமாரோடு கலந்து பேசுவது நலம். அடக்கம் விரைவாக நடைபெறவேண்டும் என்ற அவர்களுடைய ஒழுங்குக்குக் கண் எடுக்கும் அரைமணித்தியாலம் குறுக்கே நிற்காது.

முன்னொரு காலத்தில் இவ்வளவும் வீண்பேச்சாயிருந்திருக்கும். மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகவேண்டுமென்றால் இறங்குதுறையில் லாஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும். தரைவழியே போவதானால் ஒவ்வொரு துறையிலும் பாதை எனும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும். ஆறு மணித்தியாலம் அதிலேயே கரைந்துபோகும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, அடுத்தடுத்து ஏனைய பாலங்களும் அமைந்தபின், அந்தச் சாக்கு நமக்கு இல்லை. எஞ்சியிருப்பது, இரவு இரண்டு மணிக்கு ஒரு மரணம் நேர்ந்தால் யாருக்கு அறிவிப்பது என்ற கேள்வி.

அதற்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. கட்டைபறிச்சானைப் போன்ற ஊர்களிலே மரணாதார சங்கம் என்ற ஒன்று உண்டு. மாதச் சந்தா சேர்த்து, பந்தலுக்குத் தகரமும் கதிரைகளும் வாங்கி வைத்து, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஓடிப்போய் நிற்பவர்கள் அதன் அங்கத்தவர்கள். பறைமேளத்துக்குச் சொல்வதும், கிராம உத்தியோகத்தருக்கு அறிவிப்பதும், தூரத்து உறவினருக்குத் தகவல் அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு. சங்கத்தின் சந்தாக் கொப்பியிலே, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் கூடுதலாகக் கோடிழுத்து, கண் கொடுக்கச் சம்மதித்தவர் யார், அதை வீட்டில் யாரிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்று குறித்துக்கொள்வதற்கு ஒரு சதமும் செலவில்லை. கண் தான சங்கத்துக்கு நாடெங்கும் கிளைகள் இருக்கின்றன. நமக்கு அண்மையில் உள்ளவர் யார், இராவேளையில் அழைத்தால் வரக்கூடியவர் யார் என்பதைத் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் கண் பிரிவில் மரணாதார சங்கத்தின் காரியதரிசி ஒருமுறை நேரிலே போய் விசாரித்து, அந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை யார் பிரேரிப்பது என்று யோசிக்கிறார்களாயின், வழக்கமாகக் கணக்கறிக்கையைக் குறுக்குவிசாரணை செய்கின்ற அந்த ஒருவரையே பிரேரிக்கச் சொல்வது உத்தமம். அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு எதிர்ப்பதற்கு ஊரில் ஆள் இராது.